யாருக்கு லா போடலாம்

டென்மார்க்கின் வைலே நகரத்துக்கு வெளியே, தொழிற்பேட்டை முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் சலவை ஆலை ஒன்று இருக்கிறது. இங்கே யாரும் யாரையும் பார்த்துக் குரல் உயர்த்துவதில்லை என்பது அந்த ஆலையின் கொள்கை. வாசலில், சிரித்த முகங்களின் படத்தோடு அதை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே போனால், விரிப்புகளைத் தேய்த்து உலர்த்தும் ரோலர் மெசினின் இரைச்சலில் குரல் உயர்த்தாமல் மணி என்ன என்றுகூடக் கேட்க முடியாது. கொள்கையை எழுதியவர்கள் ரோலர் பக்கம் வந்ததில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் காதுமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

செலீனா அந்த ரோலருக்குத் தீனி போடுகிறவள். ஈர விரிப்பின் மூலையைப் பிடித்து, உதறி, சுருக்கம் எடுத்து, கிளிப்பில் கொளுவினால் மெசின் இழுத்துக்கொள்ளும். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. மன்னாரிலிருந்து வந்த புதிதில் தற்காலிக வேலை என்றுதான் சேர்ந்தாள். டென்மார்க்கில் தற்காலிகமாகத் தொடங்கியவைதான் கடைசிவரை நிலைக்கின்றன. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். இடது மணிக்கட்டு அவளுக்கு முன்பே பென்ஷன் எடுத்துவிட்டது.

மறுமூலையைப் பிடிப்பவர் துயெத். அந்த வரிசைக்குப் பொறுப்பும் அவர்தான். வியட்நாமின் தென்கரையிலிருந்து இளம்பெண்ணாகப் படகேறி வந்தவர். அடுத்த வருடம் அவருக்கு உண்மையான பென்ஷன். உயரம் செலீனாவின் தோள்வரை. குரல், லொறி நிறுத்துமிடம்வரை. இருவருக்கும் பொதுவான மொழி டேனிஷ். டேனிஷ்காரருக்குத்தான் அது விளங்காது. அந்த மொழியிலிருந்து தேவையற்றதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, வேலைக்கு உதவுவதை மட்டும் இருவரும் வைத்திருந்தார்கள்.

துயெத் போடும் சத்தத்துக்குச் செலீனாவிடம் ஒரு பெயர் இருந்தது: லா. அந்தச் சொல்லைக் கோயில் குசினியில் கற்றாள். கத்தோலிக்கக் கோயிலில் காலையில் டேனிஷ் பூசை, மதியம் வியட்நாமியர் பூசை, மாதத்தில் ஒருமுறை மாலையில் தமிழ்ப் பூசை. கோயிலும் ஒன்று, குசினியும் ஒன்று. கடவுளைப் பங்கிடுவதில் சண்டை வரவில்லை. அடுப்பைப் பங்கிடுவதில் வந்தது. அப்படியொரு சண்டைக்கு நடுவே, மூலையில் ஒரு வியட்நாம் சிறுமி விம்மிக்கொண்டு நின்றாள். என்ன நடந்தது என்று செலீனா கேட்டாள்.

"அம்மா லா," என்றார் துயெத், கிண்டிக்கொண்டிருந்த சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அடிச்சது?"

"அடி இல்லை. லா."

செலீனாவுக்கு விளங்கிவிட்டது. 'அம்மா பேசினவ' என்று ஊரில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்வார்களே, அதே ஏச்சுத்தான். அன்றிலிருந்து அந்தச் சொல் அவளுடைய தமிழுக்குள் வந்து சம்மணம் கட்டி இருந்துகொண்டது. "இண்டைக்கும் நல்லா லா வாங்கினன்," என்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவாள். அவளுடைய கணவன் பேதுரு, டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "உனக்கு அது காணாது," என்பான்.

பிரச்சினை தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து நல்வாழ்வு ஆலோசகர் ஒருவர் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். பெயர் பெர்னிலா. வேலையாட்களின் மனத்தைக் கவனிப்பது அவருடைய தொழில். அவர்களின் மணிக்கட்டைக் கவனிப்பதற்கு வேறு பிரிவு இருந்தது, அதைச் சிக்கனம் கருதி மூடிவிட்டார்கள். அவர் ரோலரை நெருங்கிய அதே நேரம், ஒரு விரிப்பு மடிந்துபோய் உள்ளே சிக்கியது. மெசினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அது செலீனாவுக்கும் தெரியும். ஆனால் நிறுத்தினால், திரும்பச் சூடேறும்வரை பின்னால் ஈரத்துணி மலையாகக் குவியும். அந்த மலையையும் அவள்தான் ஏற வேண்டும். களைத்த மனிதர்களுக்குக் குறுக்குவழி மட்டும் பளிச்சென்று தெரியும். கையைத் தடுப்புக் கம்பிக்குக் கீழே விட்டாள். கம்பி தூக்குண்டது. மெசின் தானாக நின்றது.

நின்றபோது ஆலை முழுவதும் ஒரு அமைதி விழுந்தது. அந்த அமைதிக்குள் துயெத்தின் குரல் தன்னந்தனியாக எழும்பி நின்றது.

"தலை எங்கே? தலை பஸ்ஸிலே விட்டது? கை வேண்டாமா? வேண்டாம் என்றால் சொல்லு! நான் கை மடிக்கிறது, பொதி கட்டுறது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது! மாடு! கிழட்டு மாடு!"

இப்படித் தினமும் நடப்பதுதான். மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது நடக்கும், அவ்வளவுதான். பெர்னிலா காதுமூடியைக் கழற்றினார். முகம் வெளுத்துப்போயிருந்தது. தன் வாழ்நாள் முழுவதும் தேடிக்கொண்டிருந்த ஒன்றைக் கடைசியில் கண்டுவிட்டவரின் வெளுப்பு.

மறுநாள் செலீனாவைத் தனியாகக் கூப்பிட்டார். மூலிகைத் தேநீர் கொடுத்தார். டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினார். தனக்குத் தடிமன் இல்லையே என்று செலீனா யோசித்தாள்.

"நீங்கள் க்ரெங்கெத்தாக உணர்வதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது," என்றார் பெர்னிலா. மனம் புண்பட்டவர் என்று பொருள். முன்பெல்லாம் பெரிய இடத்து ஆட்கள்தான் க்ரெங்கெத் ஆவார்கள். இப்போது அது ரோலர்வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது.

பிறகு அவர் சொன்னதுதான் விசயம். அடுத்த புதன்கிழமை ஒரு கூட்டம். தான் புண்பட்டதாகச் செலீனா அங்கே சொன்னால், அவளை ரோலரிலிருந்து எடுத்து மடிப்பு அறைக்கு மாற்றுவார்கள். துயெத்துக்கு எழுத்தில் எச்சரிக்கை போகும். ஏற்கெனவே ஒரு லொறிச் சாரதியை ஏசியதற்காக ஒன்று போயிருக்கிறது. இரண்டாவதோடு ஆளை வேலையிலிருந்து நிற்பாட்டுவார்கள்.

மடிப்பு அறை என்றால் என்ன என்று ரோலரில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். அங்கே உட்காரக் கதிரை இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு பேர்ச் மரம் இருக்கிறது. சின்ன ரேடியோ ஒன்று பாடும். அங்கே மடிப்பது துவாயும் தலையணை உறையும், குழந்தைகூட மடிக்கும். செலீனா அந்த இடத்துக்காக நான்கைந்து தரம் விண்ணப்பித்திருந்தாள். ஒவ்வொரு தரமும் அவளைவிட இளையவர் ஒருவருக்கு, அவளைவிட நவீனமான ஒரு வருத்தத்துக்காக, அது போனது.

அன்று மாலை மகள் அஜந்தினி ஓர்ஹூஸிலிருந்து தொலைபேசியில் வந்தாள். நகரசபையில் வேலை. தாய் தமிழில் கேட்பாள். மகள் டேனிஷில் பதில் சொல்வாள். மகளுக்கு இருபது வயது தாண்டிய பிறகு இருவரும் அதை ஒரு பிரச்சினையாக எடுப்பதில்லை.

"அம்மா, அதற்குப் பெயர் உளவியல் வன்முறை," என்றாள் அஜந்தினி.

"போடி. நான் உனக்குப் போட்ட சத்தத்தை விடவோ?"

"அதுவும்தான்."

"என்னடி அதுவும்தான்?"

"அதைப் பற்றித்தான் நான் சைக்கோலக்கிட்டக் கதைக்கிறது." இந்த ஒரு வரியை மட்டும் தமிழில் சொன்னாள்; உளவியலாளருக்கு மட்டும் டேனிஷ் சொல்.

செலீனா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு, "அந்த மனுசி என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

"உங்களுக்குக் களைப்பாக இருந்திருக்கும் என்கிறார்."

"அதை நான் காசில்லாமலே சொல்லியிருப்பனே."

ஞாயிற்றுக்கிழமை கோயில் குசினியில் துயெத்தைக் கண்டாள். துயெத் அகப்பையோடு நின்று கோப்பைகளுக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"துயெத் அக்கா, புதன்கிழமை நான் என்ன சொல்லுறது?"

"புதன், புதன்கிழமை. இன்று சூப். ஆறுது, குடி." அகப்பையை நீட்டி அவளுடைய இடது கையைத் தட்டினார். "சுடுதண்ணி ஒத்தடம் போட்டது?"

"போட்டது."

"பொய்."

பொய்தான்.

புதன்கிழமைக் கூட்டம் 'உரையாடல்' என்று பெயர் வைத்த அறையில் நடந்தது. மேசையில் கறுவாப் பணிஸ், சுருட்டிச் சுட்ட இனிப்பு ரொட்டி, ஒரு தட்டு. ஆலையின் மேலாளர் தோர்பன், எல்லாக் கூட்டத்துக்கும் வருவதுபோலத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தார். துயெத் ஒரு மூலையில், வேலை உடுப்போடு. பெர்னிலா மேசையின் தலைப்பக்கத்தில். செலீனாவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடாகியிருந்தார். தனக்கு டேனிஷ் விளங்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். உணர்வுகளைத் தாய்மொழியில்தான் முழுமையாகச் சொல்ல முடியும் என்று பெர்னிலா ஒரு பயிற்சியில் கற்றிருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் மகேந்திரராசா. கோட்டும் கழுத்துப்பட்டியும். டென்மார்க் தமிழ் விழுமியப் பேரவை என்ற அமைப்பின் ஆயுள்காலத் தலைவர். பேரவையில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், "எண்ணிக்கையிலை என்ன கிடக்கு, எண்ணம்தான் முக்கியம்," என்பார். நன்றியுரைக்குக் கூப்பிட்டால் தலைமையுரையும் சேர்த்து ஆற்றிவிட்டுத்தான் இறங்குவார். அப்படிப்பட்ட மனிதரை, மற்றவர் சொல்வதை மட்டும் சொல்லும் வேலைக்கு எடுத்தது யார் என்று தெரியவில்லை.

"தங்கச்சி, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்," என்று அவள் காதருகே குனிந்தார். "இது உம்மடை தனிப்பட்ட பிரச்சினை இல்லை. இனத்தின்ரை பிரச்சினை. நான் பாத்துக்கொள்ளுறன்."

அதுதான் செலீனாவுக்குப் பயமாக இருந்தது.

"செலீனா," என்றார் பெர்னிலா, குரலைப் பஞ்சில் சுற்றி. "அந்த நிமிடத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது?"

கேள்வி விளங்கிவிட்டது. ஆனால் மொழிபெயர்ப்புக்குக் காத்திருப்பது விதி.

"அந்த வேளையிலை உம்மடை உள்ளத்திலை எழுந்த உணர்வலைகள் எவை எண்டு கேக்கிறா," என்றார் மகேந்திரராசா.

"களைப்பா இருந்தது அண்ணை."

மகேந்திரராசா கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு டேனிஷுக்குள் இறங்கினார். "அவர் சொல்கிறார்: தொன்மையான ஒரு நாகரிகத்தின் மகளாகிய நான், பொது இடத்தில், அந்நியர் முன்னிலையில், என் தன்மானத்தின் அத்திவாரமே ஆட்டம் கண்டதை உணர்ந்தேன்."

பெர்னிலாவின் விரல்கள் கணினியில் ஓடின. தோர்பன் ஒரு பணிஸை எடுத்தார்.

"அண்ணை, நான் களைப்பெண்டுதானே சொன்னனான்."

"அதுதான் தங்கச்சி இதுவும். சும்மா களைப்பெண்டு குடுத்தா இவையளுக்கு விளங்காது. பின்னணி வேணும்."

பெர்னிலா துயெத்தின் பக்கம் திரும்பினார். துயெத் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

"நீங்கள் செலீனாவைப் பார்த்துக் கத்தினீர்களா?"

"கத்தல் இல்லை. லா."

"லா என்றால்?"

"லா என்றால் லா."

பெர்னிலா தொலைபேசியை எடுத்து அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி. "கத்துதல், திட்டுதல் என்று வருகிறது."

"ஃபோனுக்கு அம்மா இருக்கா?" என்று கேட்டார் துயெத்.

"மன்னிக்கவும்?"

"அம்மா இல்லை. அப்போ ஃபோனுக்குத் தெரியாது." துயெத் கதிரையை மேசைக்கு இழுத்தார். வேலை பழக்கும்போது இழுப்பதுபோல. "பாரு. ஹெத் இருக்கு. பாம்பு கண்டால் ஹெத். தீ கண்டால் ஹெத். அது யாருக்கும் இல்லை, வாய் தானாகத் திறக்கும். குவாத் இருக்கு. முதலாளி, சிப்பாய், கந்தோர்க்காரன், அவர்கள் குவாத். மேலே இருந்து கீழே. குவாத் போட்டவன் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவான். லா அப்படி இல்லை. லா போட்டவளுக்குத்தான் தூக்கம் வராது."

"யாரை வேண்டுமானாலும் அப்படிச் செய்யலாமா?"

"எப்படி? நான் உன்னை லா போட முடியாது. நீ யார்? உன் கை போனால் எனக்கு என்ன?"

பெர்னிலாவுக்கு அது கொஞ்சம் வலித்தது போலத் தெரிந்தது. ஆனாலும் அவர் முட்டாள் இல்லை. அடுத்து அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"ஆனால் துயெத், மெசின் ஏற்கெனவே நின்றுவிட்டது. கம்பி வேலை செய்தது. செலீனாவின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் நீங்கள் தொடங்கினீர்கள். ஆபத்து முடிந்த பிறகு எதற்காக?"

"பிறகுதான் லா." இதுகூடவா தெரியாது என்பதுபோலத் துயெத் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "கை உள்ளே போகும்போது லா போட நேரம் எங்கே? அப்போ ஹெத். கை வெளியே வந்தது. விரல் எல்லாம் இருக்கு. பார்த்தாச்சு. இப்போ என் கால் நடுங்குது. அப்போ லா. செத்துப்போனவரை யாரும் லா போடுறது இல்லை."

தோர்பன் மெல்லுவதை நிறுத்தினார். பெர்னிலாவின் விரல்கள் கணினிக்கு மேலே நின்றுவிட்டன; இதை எந்தப் பெட்டிக்குள் தட்டுவது என்று தெரியாமல்.

அந்த நேரம் பேசாமல் இருந்திருக்கலாம் மகேந்திரராசா. ஆனால் மௌனம் என்பது அவரைப் பொறுத்தவரை யாரோ ஒலிவாங்கியை விட்டுவிட்டுப் போன இடம்.

"ஒரு பண்பாட்டு வல்லுநர் என்ற முறையில் குறுக்கிடுகிறேன்," என்றார். "வியட்நாமிய மரபு எப்படியோ, நான் அறியேன். தமிழ் மரபில் பெண் என்பவள் தெய்வம். தெய்வத்தைப் பார்த்து மாடு என்பது..."

"மாடும் உங்களுக்குத் தெய்வம்தானே?" என்று கேட்டார் தோர்பன். எங்கோ வாசித்திருக்கிறார். நக்கலில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார்.

மகேந்திரராசா கழுத்துப்பட்டியை மறுபடியும் சரிசெய்தார்.

பெர்னிலா நிலைமையைத் தன் கைக்கு எடுத்தார். "நாங்கள் முடிவுக்கு வரவேண்டும். செலீனா, ஒரே ஒரு கேள்வி. ஆம் அல்லது இல்லை. நீங்கள் க்ரெங்கெத் ஆனீர்களா?"

செலீனா மேசைக்குக் கீழே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது. கதிரை. ஜன்னல். பேர்ச் மரம். தலையணை உறைகள், சின்னச் சின்னதாக, உலர்ந்து, இளஞ்சூடாக. ஒரு 'ஓம்' போதும். அதுவும் முழுப் பொய்யில்லை. கிழட்டு மாடு என்பதில் 'கிழட்டு' கொஞ்சம் சுட்டதுதான். துயெத் அவளைப் பார்க்கவில்லை. பணிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோர்பன் எத்தனை தின்றார் என்று கணக்கெடுப்பதுபோல.

"இல்லை," என்றாள் செலீனா. சொல்லி முடித்ததும் பேர்ச் மரம் மறைந்தது. களைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

மகேந்திரராசா தொண்டையைச் செருமினார். "அவர் 'இல்லை' என்கிறார். ஆனால் இந்த 'இல்லை', தமிழ்ப் பெண்களின் பாரம்பரியமான பொறுமையிலிருந்து வரும் 'இல்லை'. எங்கள் பெண்கள் துன்பத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகவே இதை 'ஆம்' என்று எடுத்துக்கொள்வதே பண்பாட்டு ரீதியில் சரியான மொழிபெயர்ப்பு."

பெர்னிலாவின் முகம் மலர்ந்தது. விரல்கள் மீண்டும் ஓடத் தொடங்கின.

"அண்ணை!"

ஆலையில் அவளுடைய குரலை இவ்வளவு காலத்தில் யாரும் கேட்டதில்லை. ரோலர் ஓடும்போது அவள் கையால்தான் பேசுவாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றுவிட்டார்.

"இல்லையெண்டா இல்லை! உங்களுக்குத் தமிழும் விளங்காதோ? நான் ஒரு சொல்லுச் சொன்னா நீங்கள் ஏன் ஒரு சட்டி பொங்குறியள்? பேசுறதெண்டா உங்கட மண்டபத்திலை போய் வெறுங்கதிரையளுக்குப் பேசுங்கோ! இது துயெத் அக்காவின்ர வேலை போற விசயம்! என்ர வாயிலை இருந்து வராததை இன்னும் ஒரு சொல்லுச் சொன்னியள் எண்டா, கழுத்திலை கிடக்கிற அந்தப் பட்டியோட உங்களை ரோலருக்குள்ள குடுத்து எடுத்துப்போடுவன். பொத்துங்கோ வாயை!"

பெர்னிலா மெல்ல மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். "அவர் என்ன சொன்னார்?"

மகேந்திரராசாவின் காது நுனிகள் சிவந்திருந்தன. சொல்லப்பட்டதை முழுமையாகப் பெயர்ப்பதாகக் கையொப்பமிட்டுத்தான் அவர் கதிரையில் அமர்ந்திருந்தார்.

"அவர்... இல்லை என்கிறார்."

அவர் வாழ்க்கையில் செய்த முதலாவது சரியான மொழிபெயர்ப்பு அதுவாக இருக்கலாம்.

தோர்பன் துயெத்தின் பக்கம் சாய்ந்தார். "இப்போது நடந்ததுதான் அந்த லாவா?"

"லா இல்லை," என்றார் துயெத். "இது குவாத்."

"எப்படித் தெரியும்?"

"அவன் அவளுடைய ஆள் இல்லை. இன்றிரவு அவள் நன்றாகத் தூங்குவாள்."

"ஆனால் குவாத் மேலேயிருந்து கீழே என்றீர்களே?"

"ஓம்," என்றார் துயெத். "பாரு."

தோர்பன் பார்த்தார். எழுந்து நின்ற செலீனாவையும் கதிரையில் சுருங்கிய தலைவரையும் பார்த்தார். தலையாட்டிவிட்டுக் கடைசிப் பணிஸை எடுத்தார்.

எச்சரிக்கை போகவில்லை. புண்பட்டவர் இல்லாமல் புண்படுத்தியவரைப் பதிவு செய்யக் கணினி விடவில்லை. கூட்ட முடிவில் பெர்னிலா எல்லோரையும் கண்மூடி ஆழமாக மூச்சுவிடச் சொன்னார். எல்லோரும் விட்டார்கள். மகேந்திரராசா மட்டும் கொஞ்சம் அதிகமாக விட்டார்.

வெளியே வரும்போது செலீனா கேட்டாள், "மடிப்பு அறை... அந்த இடம்?"

"அது பாதிக்கப்பட்டவருக்கான ஏற்பாடு," என்றார் பெர்னிலா, அவள் தோளைத் தொட்டு. "நீங்கள் பாதிக்கப்படவில்லை. எனக்கு அது மிகவும் சந்தோசம்."

மாலை, பேருந்து நிறுத்தத்தில் மழை நேராக விழாமல் பக்கவாட்டில் வந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருவரும் நின்றார்கள். உடுப்பு மாற்றும் அறையிலிருந்தே துயெத் ஒரு சொல்லும் பேசவில்லை. நன்றி சொல்ல வெட்கப்படுகிறார் என்று செலீனா நினைத்தாள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனாலும், ஒரு மனிதப்பிறவிக்கு உள்ள சின்ன ஆசை, ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

துயெத் திரும்பினார். செலீனாவின் இடது கையைப் பிடித்து, ஜாக்கெட்டின் கையை மேலே இழுத்து, வீங்கியிருந்த மணிக்கட்டைப் பார்த்தார்.

"முட்டாள்!"

செலீனா திடுக்கிட்டாள்.

"மடிப்பு அறை தருது என்று சொன்னது. கதிரை தருது என்று சொன்னது. நீ 'இல்லை'! ஏன் 'இல்லை'? யார் கேட்டது உன்னை 'இல்லை' சொல்ல?"

"அக்கா, உங்கள் வேலை..."

"என் வேலை! என் வேலை எனக்கு என்ன, புருஷனா? என்னை அனுப்பினால் நான் வீட்டிலே இருக்கிறது, கொத்தமல்லி நடுறது, காலை நீட்டுறது! அடுத்த வருடம் செய்கிறதை இந்த வருடம் செய்கிறது, அவ்வளவுதான்! உனக்கு இன்னும் எத்தனை வருடம்? இந்தக் கையோடு? இரண்டு கை இருக்கு, ஒன்று பழுது. மற்றதும் போனால் காலாலே விரிப்புப் பிடிக்கிறது? நான் பணிஸைப் பார்த்துக்கொண்டு கும்பிட்டது, ஓம் சொல்லு, ஓம் சொல்லு, ஓம் சொல்லு! நீ இல்லை! பெரிய நல்லவள்! மாதாவுக்குப் பக்கத்திலே உனக்குக் கதிரை போட்டிருக்குது என்று நினைப்பு? ஒத்தடம் போடச் சொன்னது, போட்டதா? போட்டதா? பொய்! கோயில் குசினியிலே நின்று பொய்!"

செலீனா பேருந்து நிறுத்தத்தின் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். துயெத் அவள் முன்னால் நின்று, ஒரு கையால் அவளுடைய மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மழைக்குள் வீசி வீசிப் பேசினார். டேனிஷ் தீர்ந்துபோய் வியட்நாம் மொழி தொடங்கியது. அதுவும் நன்றாகவே விளங்கியது.

சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பிரேக் பிடித்து நின்றாள். தலைக்கவசத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சிறிய, வயதான ஓர் ஆசியப் பெண், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கத்துவதை அவள் பார்த்தாள். டென்மார்க்கில் முன்பின் தெரியாத ஒருவர் இப்படி நிற்பது சாதாரண விசயமில்லை.

"உங்களுக்கு உதவி வேண்டுமா?" என்று செலீனாவைக் கேட்டாள். "யாரையாவது கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் செலீனா. "இது எனக்குத்தான்."

அந்தப் பெண் விளங்காமல் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனாள்.

பேருந்து வந்தது. கதவு திறந்தது. சாரதி அவர்களைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். துயெத் இன்னும் பாதிகூட முடிக்கவில்லை. செலீனா சாரதியைப் பார்த்து, நீங்கள் போகலாம் என்று வலது கையால் காட்டினாள்.